தட்டின் அடிப்பக்கம்

தட்டைத் திருப்பியிருக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்ற செலஸ்தீன், காலையிலிருந்து எத்தனையாவது தடவையாகவோ இதை நினைத்தாள். நினைத்த கையோடு தண்ணீரில் கிடந்த தட்டை எடுத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றித் துடைத்து, பழக்க தோஷம் யாரை விட்டது, அதையும் திருப்பிப் பார்த்தாள். பச்சை முத்திரை இருந்த இடத்திலேயே இருந்தது, எங்கே போய்விடப் போகிறது, பீங்கானுக்குப் பேர்போன ஊரும் நாடுமாக லிமோஜ், பிரான்ஸ் என்று இரண்டே சொல், பக்கத்தில் சிவப்பில் இன்னொரு சின்ன முத்திரை. பச்சை, தட்டைச் சுட்ட ஆலையினுடையது, சிவப்பு, அதன்மேல் பூ எழுதிய பட்டறையினுடையது. தன் வீட்டுத் தட்டைத் தன் சமையலறையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம், கேட்பாரில்லை. மகளைக் கொடுக்கப் போகிற வீட்டில், முதல் தடவையாகக் காலடி எடுத்து வைத்த அன்றைக்கு, சாப்பிட உட்கார்ந்து, எதிரே வைத்த வெறுந்தட்டைக் கவிழ்த்து மூக்கு நுனி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்ப்பவளை என்னவென்று சொல்வது. சிதம்பரத்தில் அந்தக் கூடம், கிறீச் கிறீச்சென்று சுற்றிய மின்விசிறி, கொத்சு வாசனை, மாப்பிள்ளையாகப் போகிற தில்லைநாதன் மகள் மனோனைப் பார்த்துப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்த விதம், எல்லாம் எவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. எவர்சில்வர் வரும் என்று நினைத்திருந்த இடத்தில் வெள்ளைப் பீங்கான் வந்தது, ஓரத்தில் மெல்லிய நீலக்கோடு, பீங்கான் என்றதும் கை தானாகப் போய்விட்டது. அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது, பாதி அழிந்து, தலைகீழாக, ஒரு வளைவும் ஒரு காலும். சிவப்பு முத்திரை! சிதம்பரத்தில்! நெற்றிமேல் கிடந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்து, எந்தப் பட்டறையாக இருக்கும் என்று யோசித்து, சந்தோஷத்தில் லேசாகச் சிரிக்கவும் செய்து நிமிர்ந்தால், எதிரே சாதக் கரண்டியோடு தையல்நாயகி அம்மாள், தில்லையின் தாயார், அப்படியே நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. அதற்கு முன்னால் "இதை ருசி பாருங்க, இது எங்கூர் கொத்சு" என்று வாய் ஓயாமல் பேசிய மனுஷி, அதற்கப்புறம் "இன்னும் போட்டுக்குங்க மேடம்" என்றது, நெரிசல் பேருந்தில் நடத்துநர் உள்ளே போகச் சொல்வது மாதிரி இருந்தது. அந்த மேடம் ஒன்று போதும். வேலை பார்த்த காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், ஊரையே ஊரோடு பேச வைத்தவர், ஓய்வு பெற்ற பிறகும் பேசாமல் இருக்கத் தெரியாதவர், தை மாசத்திலிருந்து பங்குனி வரைக்கும் இந்த வீட்டுக்கு ஒரு போன் இல்லை.

இன்றைக்கு வருகிறார். ஏன் வருகிறார் என்றுதான் தெரியவில்லை. தில்லையும் மனோனும் சிதம்பரம் போய்க் காரில் அழைத்துக்கொண்டு வருகிறார்கள், "வரேன்னு சொல்லிட்டாங்கம்மா, வேற ஒண்ணும் சொல்லல" என்றாள் மனோன், பொண்ணு குரலில் அவ்வளவு ஈரத்தைச் செலஸ்தீன் கேட்டதில்லை, லியோனில் பிறந்து வளர்ந்து, மழையோ பனியோ தனியாகப் பள்ளிக்கூடம் போய் வந்த பொண்ணு. "அவங்க மனசார சரின்னு சொல்லாம நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். தில்லையும் அப்படித்தான் நெனைக்கிறான்" என்று அதே மூச்சில் சொன்னாள். கல்யாணமே ஒரு தட்டின் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செலஸ்தீன் தட்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்தாள். டிங். சின்னதாக, நீளமாக, பூசைமணியை யாரோ அடுத்த தெருவில் ஆட்டியது போல. விரிசல் இருந்தால் டொக் என்று நின்றுவிடும். இது நிற்கவில்லை. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளலாமா, கோவிலுக்குப் போகிறவள் சகுனம் பார்க்கக் கூடாது என்று பங்குச்சாமியார் சொல்வார், அவர் தட்டைச் சுண்டிப் பார்த்ததில்லை. "செலா!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. பாஸ்கல். அவள் புருஷன், பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு வாங்கியவர், புதுச்சேரிப் பாஷையில் சொல்தா, முத்தியால்பேட்டையின் இந்த மாடி வீட்டில் பனியனோடு உட்கார்ந்து வாழைத்தண்டுக்கு நார் எடுத்துக்கொண்டிருக்கிறார், விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி, துப்பாக்கி துடைக்கிற கவனத்தோடு. "பேசாம இலையப் போட்டுடு செலா. மார்க்கெட்ல நல்ல தலைவாழையா பாத்துத்தான் வாங்கியாந்திருக்கேன். வம்பே இல்ல." "அலுமினியத் தட்டுல ஆயுசைப் போக்குனவரு பேசறதப் பாரு." "எதுல தின்னேங்கறதா முக்கியம், தின்னேன்ல. அந்தம்மா சுத்த சைவம். உன் பீங்கான் பட்டாளம் ஒவ்வொண்ணும் நூறு வருஷமா பன்னி தின்ன தட்டு." "தட்டு எங்கங்க தின்னுச்சு? ஆளுங்க தின்னாங்க." "அத அந்தம்மாகிட்ட சொல்லிப் பாரு, பாயசத்துக்கு முன்னால பஸ் ஏறிடுவாங்க." சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அடுத்த தட்டைத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

எச்சில். அந்தச் சொல் அவளுக்குக் காலையிலிருந்து தொண்டையில் கிடக்கிறது. அதைப் பிரெஞ்சில் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை, வாயில் ஊறுவதற்குச் சொல் இருக்கிறது, அழுக்குக்குச் சொல் இருக்கிறது, கழுவிய பின்னும் போகாத அந்த ஒன்றுக்குச் சொல்லே கிடையாது. கான்வென்டில் காலையில் பிரெஞ்சு, மதியம் தமிழ் என்று படித்தவள், அந்தக் காலை வகுப்பு மூளை சொல்கிறது, இது பழம்பொருள், அழகு, வரலாறு, இன்னும் என்னென்னவோ. மதியத்து மூளை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ தின்ன தட்டு என்கிறது. தட்டின் நடுவே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற கத்திக் கோடுகள், முடி கனத்தில், குறுக்கும் நெடுக்குமாக. அவளுக்கு இந்தத் தட்டுகளில் ரொம்பப் பிடித்ததே அந்தக் கோடுகள்தான், ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒரு மாமன் பேசிக்கொண்டே அழுத்தி அறுத்தது, யாரோ ஒரு குழந்தை கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டது. மாமன் அறுத்தது என்ன, கீரைத்தண்டையா? ஐயோ. அந்தக் கோடுகளைத் தையல்நாயகி அம்மாள் பார்த்தால் என்ன தெரியும். செலஸ்தீன் சாம்பல் நிறப் பாத்திரப் பொடியை எடுக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், பொடி போட்டால் தங்க ஓரம் போய்விடும், ஏற்கெனவே பாதி போய்விட்டது, அங்கங்கே மட்டும் மினுங்குகிறது, கிழவி மூக்குத்தி மாதிரி. கை வெளுத்துச் சுருங்கி, விரல் நுனியெல்லாம் உலர்ந்த திராட்சை. விடியற்காலையிலிருந்து தண்ணீரில் நிற்கிறாள். தவக்காலம் என்பதால் வீட்டில் எப்படியும் கறியும் மீனும் இல்லை, இந்தத் தட்டுகளும் சாம்பல் புதனிலிருந்து சாம்பாரும் கூட்டும்தான் பார்த்திருக்கின்றன, அதையாவது சொல்லலாம், எங்க தட்டெல்லாம் இப்ப நோன்பு இருக்குதுங்க என்று. அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. சொல்ல மாட்டாள் என்றும் தெரிந்தது.

லியோனில் அவள் வேலை பார்த்தது ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். நாள் முழுக்கப் பிளாஸ்டிக் தட்டம், பள்ளம் பள்ளமாக, ஒரு பள்ளத்தில் மசித்த உருளைக்கிழங்கு, ஒரு பள்ளத்தில் அவித்த கேரட், பிள்ளைகள் தட்டத்தை அடித்து வைத்துவிட்டுப் போகும் சத்தம் இரவில் காதுக்குள் கேட்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் பாஸ்கல் காரை எடுப்பார், அக்கம்பக்கத்துக் கிராமங்களில் பரணைக் காலி செய்யும் சந்தை, வீட்டில் வேண்டாதது எல்லாவற்றையும் தெருவில் விரிப்பில் பரப்பி வைத்துக்கொண்டு, தூறலில் காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மீன்தூண்டில், ஒரு கைப்பிடி உடைந்த சூப்புப் பாண்டம், பொம்மைக் குதிரை. முதல் தட்டை அவளுக்கு விற்றவன் மூக்கு சிவந்த பெரிய ஆள், இதை யார் வாங்குவார்கள், தங்க ஓரம் இருக்கிறதே, பாத்திரம் கழுவும் மெஷினில் போட முடியாதே என்று அவனே அலுத்துக்கொண்டான். மெஷினில் போக முடியாத ஒரே குற்றத்துக்காக அந்த நாட்டில் எத்தனையோ வீட்டுத் தட்டுகள் தெருவுக்கு வந்திருந்தன. செலஸ்தீன் வீட்டில் மெஷினே இல்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டாள், அந்த ஆள் குனிந்து, என்ன மதாம், பேசுகிறதா என்றான், பாடுகிறது என்றாள், அவன் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு குழித்தட்டைச் சும்மாவே பழைய பேப்பரில் சுருட்டிக் கொடுத்தான். அன்றைக்குச் சாயங்காலம் மிளகு ரசம் வைத்து அந்தக் குழித்தட்டில் பிசைந்து சாப்பிட்டபோதுதான் தெரிந்தது, பிரெஞ்சுக்காரன் சூப்புக்கென்று செய்தது ரசஞ்சோற்றுக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது, ரசம் ஓடவில்லை, கையை வளைத்து வழித்தால் விளிம்பு கைக்கு இடம் கொடுத்தது. அதற்கப்புறம் நிற்கவில்லை. கண்ணாடி அலமாரியில் அடுக்கிப் பூட்டி வைக்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது, அவள் சட்டம் ஒன்றே ஒன்று, வீட்டுக்கு வந்த தட்டில் யாராவது சாப்பிட வேண்டும். சிப்பி தின்பதற்கென்று சுற்றிலும் குழி வைத்த தட்டு ஒன்று உண்டு, அதில் குழிக்கு ஒரு சட்னி, நடுவில் இட்லி, எலுமிச்சம்பழம் வைக்கிற குழியில் மிளகாய்ப் பொடி, எண்ணெய் ஓடிக் கலக்காது. அங்கே வேகவைத்துத் தின்கிற தண்ணீர்விட்டான் குருத்துக்கென்று செய்த நீளத்தட்டில் முருங்கைக்காய், கடித்துச் சக்கை போட ஓரத்தில் தனி இடம். பக்கத்து வீட்டு மதாம் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். யார் செய்தார்களோ, எதற்குச் செய்தார்களோ, தட்டுக்குத் தெரியவா போகிறது. அந்த ஊரில் அவளுக்கென்று யாரும் எதையும் விட்டுவிட்டுப் போகப் போவதில்லை, அதனால் அடுத்தவர்கள் வேண்டாமென்று போட்டதை அவள் சீதனமாக எடுத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பியபோது ஒவ்வொரு தட்டையும் பட்டுப்புடவையிலும் பாஸ்கலின் வேட்டியிலும் சுற்றித்தான் கொண்டுவந்தாள், "வேட்டி கட்ட ஊருக்குப் போறேன்னு பாத்தா வேட்டியெல்லாம் பீங்கான் கட்டிக்கிட்டு வருது" என்று அவர் கப்பல் கம்பெனிக்காரனிடம் புலம்பினார். ஒன்றும் உடையவில்லை. ஒன்றுகூட. இங்கே வந்து, தட்டைத் திருப்பியதில்தான்.

மேசை விரிப்பை உதறிப் போட்டாள். குழித்தட்டு கீழே, இல்லை, தட்டைத்தட்டு கீழே, குழித்தட்டு மேலே, இல்லை, ரசம் கடைசியில்தானே, அதற்கு முன்னால் சாம்பாரும் கூட்டும். கை தன் போக்கில் அடுக்கிக்கொண்டே போனது. மூடி போட்ட சூப்புப் பாண்டத்தில் முருங்கைக்காய்ச் சாம்பார், மூடியின் உச்சியில் மொட்டு, மொட்டில் ஒரு இதழ் உடைந்து அவள் கைக்கு வருவதற்கு முன்பே தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. மூக்கு வைத்த குழம்புக் கிண்ணத்தில் மோர்க்குழம்பு. படகு போன்ற சின்னத் தட்டுகளில் நார்த்தங்காயும் மாவடுவும். கத்திரிக்காய் கொத்சு மட்டும் செய்யவில்லை, சிதம்பரத்தாருக்குக் கொத்சு வைத்துக் கொடுக்கும் அளவுக்கு அவளுக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. நீலப்பூக்கள் தட்டு ஓரமெல்லாம் பொடிப்பொடியாக, பிரெஞ்சில் அந்தப் பூவுக்கு என்னை மறக்காதே என்று பேர், அன்றைக்கு நடந்ததை எப்படி மறப்பார்கள். போன் அடித்தது. மனோன், குசுகுசுவென்று. "மா, கடலூர் தாண்டிட்டோம். அவங்க பின்னால தூங்கறாங்க. மா, தட்டைத் திருப்பாத." "நம்ம வீட்டுத் தட்டுடி." "நம்ம வீட்டுத் தட்டையும் திருப்பாத. அப்புறம், மா, வழியில ஒரு கேள்வி கேட்டாங்க. பீங்கானை மாட்டெலும்பைச் சுட்டு அரைச்சுத்தான் செய்வாங்களாமே, அப்படியான்னு." "அது இங்கிலீஷ்காரன் பண்ற வேலைடி! நம்முது வெறும் மண்ணு, வெள்ளை மண்ணு, கல்லுமாவு, எலும்புன்னு பேச்சே கிடையாது, நீ சொல்ல வேண்டியதுதானே!" "நான் தெரியலன்னுட்டேன்மா." "தெரியலன்னியா!" "மா, கத்தாத, தில்லை சிரிக்கிறான்." வைத்துவிட்டாள். எலும்பு. தூங்கப் போகும் முன் அந்தம்மாள் யோசித்தது எலும்பைப் பற்றி. இருபது வருஷம் ஒரு பெண்ணை வளர்த்து, தட்டு பாடுவதைக் கேட்கக் காதைக் கொடுத்து, ஒரு கேள்விக்குத் தெரியலையாம். செலஸ்தீன் நின்று மேசையைப் பார்த்தாள். சற்று முன்புவரை அழகாக இருந்தது. இப்போது ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு பன்றி ஏறி உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் ஒரு மாடு, சிப்பித்தட்டில் அலையடித்தது. நூறு வருஷத்து விருந்தாளிகள் எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தார்கள். தையல்நாயகி அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் முதலில் தெரிவது இந்தக் கூட்டம்தான். எடுத்துவிடலாம், எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு இலையைப் போட்டுவிட்டால் ஒரு கேள்வியும் இல்லை, அப்புறம் அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை, வளைகாப்புக்கு, பேரப்பிள்ளை காதுகுத்துக்கு, அந்தம்மாள் படியேறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தட்டுகளைப் பரணில் ஏற்ற வேண்டியதுதான், ஆயுசு முழுக்க. பரணைக் காலி செய்யும் சந்தைக்கு அப்போது இவளே ஒரு விரிப்போடு உட்கார வேண்டும். அழுகை வரும் போலிருந்தது, கூடவே சிரிப்பும், கல்யாணமே இன்னும் முடிவாகவில்லை, காதுகுத்து வரைக்கும் போய்விட்டாள்.

கீழே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க!" என்று பாஸ்கல் சட்டையைத் தேடி ஓடினார். செலஸ்தீன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தலைவாழை இலையை இழுத்துக் கத்தரிக்கோலை எடுத்து வட்டம் வட்டமாக வெட்டினாள், ஓட்டல்களில் எவர்சில்வர் தட்டின்மேல் போடுவார்களே அப்படி, ஒவ்வொரு தட்டின் மேலும் ஒவ்வொரு வட்டத்தை வைத்து அழுத்தினாள். பூக்கள் மறைந்தன, கத்திக்கோடுகள் மறைந்தன, பன்றிகள் இலைக்கடியில் போயின. தட்டும் போட்டாயிற்று, இலையும் போட்டாயிற்று. இரண்டுமில்லாத மாதிரி இருந்தது, தொப்பி போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தவர் மாதிரி, இலை வட்டம் ஒன்று கோணலாகக்கூட இருந்தது. சரிசெய்ய நேரமில்லை. "வாங்க, வாங்க" என்று அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது. தையல்நாயகி அம்மாள் மாம்பழ நிறத்தில் சுங்குடி கட்டி, கையில் பழக்கூடையோடு, மூச்சு வாங்க நின்றார். "மாடிப்படி என்னமா ஏறுது மேடம்" என்றார். மேடம். மனோன் அம்மாளின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்தாள். தில்லை செருப்பை ஜோடி சேர்த்து வைத்தான், அப்புறம் எல்லாருடைய செருப்பையும் ஜோடி சேர்த்து வைத்தான், மேசைப் பக்கம் திரும்பாமல் இருக்க அவனுக்கு அதைவிட்டால் வேலையில்லை. கையலம்பி உட்கார்ந்தார்கள். சாம்பார்ப் பாண்டத்தின் மூடியைத் திறக்க செலஸ்தீன் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து தையல்நாயகி அம்மாள் இலை வட்டத்தின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கினார், குழந்தை முகத்துத் துணியை விலக்கிப் பார்ப்பது போல. "இத எதுக்கு மூடி வச்சிருக்கீங்க?" என்றார். பதிலுக்கு நிற்காமல் இலையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையாலும் தட்டைத் தூக்கினார். திருப்பினார்.

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, மூக்கு நுனி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்படியே அன்றைக்கு இவள் பார்த்த மாதிரியே. பழி வாங்குகிறார் என்று செலஸ்தீனுக்குத் தோன்றியது, சரி, வாங்கிக்கொள்ளட்டும், கணக்கு தீர்ந்தால் சரி. "இதுல என்னங்க, பச்சையில ஒண்ணு, சிவப்புல ஒண்ணு, ரெண்டு பேர் போட்டிருக்கு?" என்று கேட்ட குரலில் பழி இல்லை, படபடப்பு இருந்தது. "பச்சை, தட்டு செஞ்சவங்க. சிவப்பு, பூப் போட்டவங்க" என்றாள். "அப்ப இது உங்க பேரு இல்லியா?" "எங்க பேரை எதுக்குங்க அதுல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள், ஏனென்றால் தையல்நாயகி அம்மாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. "அட ஆண்டவனே! நீங்க அன்னிக்குத் தேடுனது இதத்தானா? நான் மூணு மாசமா தூக்கமில்லாம கெடக்கறேன். அது எங்க வீட்டுத் தட்டே இல்லீங்க. எதுத்த வீட்டு கோமளத்தோடது. பிரான்சுலேர்ந்து வர்றாங்களே, எவர்சில்வர்ல போடறதான்னு எரவல் வாங்கியாந்தேன். அவ எங்க குடுத்தாலும் அடியில நெயில் பாலிஷ்ல 'கோ'ன்னு எழுதித்தான் குடுப்பா. நீங்க திருப்பிப் பாத்து, கண்ணாடி வேற மாட்டிப் பாத்து, லேசா சிரிச்சீங்க பாருங்க, எனக்கு உசுரே போயிடுச்சு. எரவல் தட்டுல சோறு போட்டு ஏமாத்தறவன்னு நெனச்சிட்டீங்கன்னு..." "நான் பட்டறை முத்திரைன்னு நெனச்சேங்க!" என்று செலஸ்தீன் கத்தியே விட்டாள். "பட்டறையா? கோமளத்த பட்டறைன்னா அடிக்க வருவா!" தில்லை தண்ணீர் புரையேறி இருமினான், மனோன் அவன் தலையில் தட்டினாள், எல்லார் முன்னாலும், உரிமையாக, யாரும் அதைக் கவனிக்கவில்லை, செலஸ்தீன் மட்டும் கவனித்தாள். மூணு மாசம். ஒரே தட்டின் அடியில் இரண்டு பேரும் இரண்டு பக்கமாகப் படுத்துக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறோம். போன் வராத ஒவ்வொரு சாயங்காலமும் அங்கே ஒருத்தி போனை எடுத்து எடுத்து வைத்திருக்கிறாள். அன்றைக்குச் சுண்டிய முகம் கோபமில்லை, மாட்டிக்கொண்ட முகம், அதே முகத்தை இவள் சற்று முன்பு இலையை வெட்டும்போது போட்டுக்கொண்டிருந்தாள், எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாததால் தெரியவில்லை. சிரித்து முடித்ததும் அம்மாள் தட்டைச் சாய்த்தார். வெளிச்சத்தில் கோடுகள் தெரிந்தன. "கத்தி பட்டதுதானே இது? இதுல கறியெல்லாம் சாப்பிட்டிருப்பாங்க, இல்ல?" பாஸ்கல் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நோன்பு வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. "ஆமாங்க" என்றாள் செலஸ்தீன். "நூறு வருஷமா சாப்பிட்டிருப்பாங்க. எலும்பு மட்டும் கலக்கலீங்க, அது வெறும் மண்ணு." தையல்நாயகி அம்மாள் மேசைக்கு மேல் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துத் திருப்பினார், தட்டைத் திருப்பியது போலவே, உள்ளங்கை மேலே வர. சுருங்கிய விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தடவினார். "காலையிலேர்ந்து கழுவியிருக்கீங்க. எங்க எக்ஸ்சேஞ்சு கேன்டீன்ல எந்தத் தட்டுல எவன் ஆம்லெட் தின்னானோ, எவளோ ஒருத்தி பச்சத்தண்ணில முக்கி எடுத்துத் தருவா, அதுல தின்னுதான் வேலை பாத்தேன். இதுக்கென்ன." கையை விடவில்லை. "ஆனா ஒண்ணு. உங்க பேரு இல்லாம இத வச்சிருக்கீங்களே, கல்யாணத்துக்கு மண்டபத்துக்குக் கொண்டாந்தா ஒண்ணு திரும்பி வருமா? எங்க சொந்தத்த உங்களுக்குத் தெரியாது. மனோம்மா, நெயில் பாலிஷ் இருக்கா?" மனோன் பையைக் கவிழ்த்தே விட்டாள். "இப்பவே போட்டுடுவோம், சாப்பிட்டா மறந்துடும். குடுங்க சம்பந்தி தட்ட."

சம்பந்தி. அந்தச் சொல் மேசைமேல் டிங் என்று விழுந்து, நிற்காமல் நீண்டுகொண்டே போனது. இத்தனை வருஷமாக அந்தப் பச்சை முத்திரைமேல் ஈரத்துணிகூட அழுத்திப் பட விடாதவள், முத்திரைமேல் விலைச்சீட்டை ஒட்டிய வியாபாரியிடம் மழையில் நின்று சண்டை போட்டவள், தட்டுகளை ஒவ்வொன்றாக இலையை எடுத்துவிட்டுக் கவிழ்த்துக் கொடுத்தாள், கவிழ்த்துக் கொடுத்தாள். தையல்நாயகி அம்மாள் நாக்கை ஓரமாக மடித்துக்கொண்டு, பட்டறையின் சிவப்புக்குப் பக்கத்தில் அதே சிவப்பில், வளைவான கொம்பு போட்டு, பெரிசாக, 'செ' என்று எழுதினார். கடைசித் தட்டில் எழுதி ஊதி நிமிர்ந்தபோதுதான் எல்லாரும் பார்த்தார்கள், மேசை முழுக்கத் தட்டுகள் குப்புறக் கிடந்தன, ஈரம் காயாமல், தொட முடியாமல். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. பாஸ்கல் எழுந்து, கோணல் வட்டமாகக் கிடந்த இலைகளைப் பொறுக்கி, ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்றாக வைத்து, தண்ணீர் தெளித்தார். "காலையிலேயே சொன்னேன், இலையப் போடுன்னு" என்றார். செலஸ்தீன் குனிந்து தட்டுகளை ஊதினாள், எதிர்ப்பக்கத்திலிருந்து தையல்நாயகி அம்மாளும் ஊதினார். "பாயசம் வர்றதுக்குள்ள காஞ்சிடும் சம்பந்தி." "காஞ்சிடுங்க சம்பந்தி" என்றாள், ஊதுவதை நிறுத்தாமல்.